மேட்டில் எழுதியவள்

வெங்கடகிருஷ்ணன் சார் லேசர் மெஷினுக்கு முன்னால் கற்பூரத்தைக் கொளுத்தியபோது நான் வாயைத் திறக்கவில்லை. மறந்துபோய் இல்லை, பயந்தும் இல்லை. வேண்டுமென்றேதான் திறக்கவில்லை. எரியட்டும், நன்றாக எரியட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

ஏன் நின்றேன் என்று சொல்கிறேன். கேட்டுவிட்டு நான் செய்தது தப்பு என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

செகந்திராபாத் பக்கத்தில் உப்பலில் மத்திய அரசின் ஆராய்ச்சிக்கூடம் ஒன்று. பெயர் வேண்டாம், அங்கே நல்லவர்களும் இருந்தார்கள். 1988ஆம் வருஷம். நான் பௌதிகத்தில் எம்.எஸ்ஸி. முடித்து அங்கே சயன்டிஸ்டாக இருந்தேன். சார் எங்கள் குரூப்புக்குத் தலைவர். செகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். அப்பா தனசிங் ரயில்வேயில் கார்டு, நாசரேத் பக்கத்துக்காரர். வீட்டில் திருநெல்வேலித் தமிழ், தெருவில் ஹிந்தி, பஸ்ஸில் தெலுங்கு. மூன்றிலும் சண்டை போட எனக்கு வரும்.

எங்கள் வேலை, தட்டில் தகவல் எழுதுவது. சாப்பாட்டுத் தட்டு அளவில் ஒரு பளபளப்பான தட்டு. அதன்மேல் கிராமபோன் ரெக்கார்டில் இருப்பதுபோல் சுற்றிச் சுற்றிப் போகும் ஒரு பள்ளம், கண்ணுக்கே தெரியாத அளவுக்கு மெல்லியது. லேசர் வெளிச்சம் அந்தப் பள்ளத்தில் புள்ளி புள்ளியாகச் சுட்டு எழுதும். பிறகு அதே வெளிச்சத்தைக் குறைத்து வைத்துப் படிக்கலாம். ஒரு அலமாரி ஃபைல் ஒரு தட்டில் அடங்கிவிடும். டெல்லிக்கு அது போதவில்லை. நில வரைபடங்களையெல்லாம் ஏற்ற வேண்டும், தட்டு பெரிதாகக் கூடாது, ஆனால் இரண்டு மடங்கு கொள்ள வேண்டும் என்றார்கள்.

சார் சொன்ன வழி, பள்ளங்களை நெருக்குவது. நெருக்கினோம். ஒரு பள்ளத்தைப் படிக்கப் போனால் பக்கத்துப் பள்ளத்தில் எழுதியதும் சேர்ந்து வந்தது. ரயிலில் பக்கத்து பெர்த்காரர் வீட்டுக் கதை நம் காதில் விழுகிற மாதிரி. இன்னும் நெருக்கு, இன்னும் நெருக்கு என்று சார் சொல்லிக்கொண்டே இருந்தார். நெருக்க நெருக்க இரைச்சல்தான் கூடியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அல்வால் வீட்டுக்கு வந்து, மகள் செலின் வீட்டுப்பாடம் எழுதுவதை எட்டிப் பார்த்தேன். ஒரு வரி எழுதி ஒரு வரி விட்டு, ஒரு வரி எழுதி ஒரு வரி விட்டு எழுதிக்கொண்டிருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“ஏளா, பாதிப் பக்கத்தச் சும்மா போட்டு வச்சிருக்க? நோட்டு என்ன மரத்துலயா காய்க்கு?”

“டீச்சர் அலாகே ராயமந்தி மம்மி” என்றாள் அவள் தலையைத் தூக்காமல். டீச்சர் அப்படித்தான் எழுதச் சொன்னாராம். நாம் தமிழில் திட்டினால் அவளுக்குப் பதில் தெலுங்கில்தான் வரும்.

குழம்புக் கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். எங்கள் தட்டிலும் பாதி சும்மாதானே கிடக்கிறது! பள்ளத்தில் எழுதுகிறோம். இரண்டு பள்ளங்களுக்கு நடுவில் ஒரு மேடு இருக்கிறதே, அதை என்ன செய்கிறோம்? செலின் விட்ட வரி மாதிரி வெறுமனே விட்டு வைத்திருக்கிறோம். அந்த மேட்டிலும் எழுதினால்? அன்றைக்குக் குழம்பு அடிப்பிடித்துவிட்டது. கிதியோன் தயிர் ஊற்றிச் சாப்பிட்டார். கிதியோன் என் கணவர், பாதுகாப்புத் துறைக் கணக்கு ஆபீஸில் வேலை.

திங்கட்கிழமை சாரிடம் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

“மேட்டுல எழுதப் போறியா? பள்ளத்துல இருக்கறதும் மேட்டுல இருக்கறதும் கலந்து அவியல் ஆயிடும்மா. நெஜமாவே ஃபிசிக்ஸ்தான் படிச்சியா நீ?”

கேன்டீனில் எனக்கு ‘மேட்டு மகாராணி’ என்று பெயர் வைத்தார்கள். வைத்தவர் யார் என்று எனக்குத் தெரியும்.

அவியல் ஆகும் என்பது உண்மைதான். ஆனால் பள்ளத்தை ஒரு குறிப்பிட்ட ஆழத்துக்கு வெட்டினால், பக்கத்திலிருந்து திரும்பி வருகிற வெளிச்சம் தனக்குள்ளேயே அடித்துக்கொண்டு அவிந்துபோக வேண்டும் என்று என் கணக்குச் சொன்னது. அந்த ஆழத்தைத் தேடித் தட்டு மேல் தட்டாக வெட்டினோம், நானும் கல்பகமும். கல்பகம் எலக்ட்ரானிக்ஸ்காரி, எனக்குப் பக்கத்து மேஜை. வெள்ளிக்கிழமை விரதம் இருப்பாள், மனதில் பட்டதை யார் முகத்துக்கு நேராகவும் சொல்வாள். எத்தனையோ தட்டுகள் குப்பைக்குப் போயின. மழைக்காலம் முடிகிற சமயத்தில் ஒரு தட்டில் பள்ளத்தையும் படித்தோம், மேட்டையும் படித்தோம், இரண்டும் தனித்தனியாக, சுத்தமாக வந்தன. அதே தட்டு, இரண்டு மடங்கு. கல்பகம் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன்.

சார் ஓடி வந்தார். திரையைப் பார்த்தார். “பாத்தியா, நம்ம மேடு வேலை செய்யறது!” என்றார். நம்ம மேடாம்!

அடுத்த மாதமே பேடன்ட் விண்ணப்பம் தயாராகிவிட்டது. கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் ஒரே ஒரு பெயர், டாக்டர் வெங்கடகிருஷ்ணன். டெல்லியிலிருந்து கமிட்டி வந்து தட்டைப் பார்த்து, அதன் தலைவர் கையெழுத்துப் போட்டால் விண்ணப்பம் போய்விடும். போனால் போனதுதான். அந்த மேடு ஜென்மத்துக்கும் அவருடையது. நான் அவருடைய அறைக்குப் போனேன்.

“சார், என் பேர் விட்டுப்போச்சு.”

“விட்டுப்போகலம்மா. குரூப்பு வேலைன்னா தலைவர் பேர்தான் வரும். பந்தக்கால் நட்டவா பேரையெல்லாம் கல்யாணப் பத்திரிகைல போடறாளா என்ன?”

“நான் பந்தக்கால் நட்டவ இல்ல சார். கல்யாணப் பொண்ணே நான்தான்.”

அதற்கும் சிரித்தார். “ஒனக்கு என்னம்மா குறைச்சல்? ஆத்துக்காரர் சம்பாதிக்கறார், கொழந்தை நன்னாப் படிக்கறா. பேர் பேர்னு எதுக்கு அல்பமா அலையறே? போ, போய் டெமோவுக்குத் தட்டை ரெடி பண்ணு.”

அல்பமாம்! அவர் எடுத்துக்கொண்டால் அது பெருமை, நான் கேட்டால் அல்பம். உப்பலிலிருந்து செகந்திராபாத் வரை பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு வந்தேன். கண்டக்டர் சில்லறை கேட்டதற்கு அவனிடம் எரிந்து விழுந்தேன். பாவம், அவன் என்ன செய்வான்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது கிதியோனிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

“நக்கோ பியூலா, கைக்கு இந்த டென்ஷன்?” என்றார். செகந்திராபாத்திலேயே மூன்று தலைமுறையாக இருக்கிற குடும்பம், அவர் பேச்சு அப்படித்தான் வரும். வேண்டாம், எதற்கு இந்த டென்ஷன் என்கிறார். “பெரிய ஆளுங்ககூட மோதி என்ன ஆகப்போகுது? ஜெபம் பண்ணு.”

“பண்ணிட்டேன்.”

“என்னன்னு?”

“அந்த மனுஷன் எல்லார் முன்னாலயும் தலை குனியணும்னு.”

அவர் சோறு பிசைந்த கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “அதுக்குப் பேரு ஜெபமா?”

“கேக்கிறவருக்கு விளங்கும். நீங்க சாப்பிடுங்க.”

இப்போது கற்பூரத்துக்கு வருகிறேன். எங்கள் கூடத்தில் புது மெஷின் வந்தாலும், பெரிய மனிதர்கள் பார்க்க வந்தாலும் பூஜை உண்டு. அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. கல்பகம் தினமும் வாசற்படியில் ஒரு பூவை வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் உள்ளே வருவாள். சாருக்கு அது போதாது. தூசு வரக்கூடாது என்று இரட்டைக் கதவு போட்டு, செருப்பைக் கழற்றி, வெள்ளைக் கோட்டும் தொப்பியும் மாட்டிக்கொண்டு நுழைகிற அறை அது. அதற்குள் போய், மெஷின் மூடியைத் திறந்து வைத்து, விருந்தாளிகள் பார்க்கிற மாதிரி நின்று, உள்ளே இருக்கிற தட்டுக்கு நேர் மேலே கற்பூரத்தைச் சுற்றுவார். மெஷினுக்குக் கண் என்றால் ஒரே ஒரு சின்ன லென்ஸ்தான், சுண்டுவிரல் நகம் அளவு. கற்பூரப் புகை நேரே போய் அதில்தான் படியும்.

முதல் தடவையே சொன்னேன். “சார், புகை லென்சுல படியும். கதவுக்கு வெளியில வச்சுப் பண்ணுங்களேன்.”

“ஏன், உங்க சர்ச்சுல மெழுகுவத்தி ஏத்தறதில்லையா? எங்க சுவாமின்னா மட்டும் ஒனக்குப் புகையறதா?” என்றார், எல்லார் முன்னாலும். எல்லாரும் சிரித்தார்கள். சாயங்காலத்துக்குள் பியூலா மேடம் பூஜையைத் தடுத்துவிட்டாள் என்று மெயின் கேட் வரைக்கும் செய்தி போயிருந்தது. “நானும் அதையேதான் சொல்றேன். நானும் கிறிஸ்டியனா?” என்று கல்பகம் கேட்டாள்.

அதற்குப் பிறகு நான் வாயால் சொல்வதை விட்டேன். பூஜை முடிந்ததும் எல்லாரும் பிரசாதம் சாப்பிடக் கான்பரன்ஸ் ஹாலுக்குப் போவார்கள். படைத்ததைச் சாப்பிடுவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை என்பதால் என்னை யாரும் கூப்பிட மாட்டார்கள். அந்த நேரத்தில் மெல்லிய துடைப்புத் தாளில் ஸ்பிரிட்டைத் தொட்டு லென்சைத் துடைப்பேன், தட்டின்மேல் காற்றடிப்பேன், மூடியை மூடிவிட்டு ஒன்றும் தெரியாதவள் மாதிரி உட்கார்ந்திருப்பேன். டெமோ பிரமாதமாக நடக்கும். “பாத்தேளா, சுவாமி பாத்துண்டார்!” என்பார் சார். சுவாமிக்கு ஆயிரம் வேலை இருக்கும், லென்சைத் துடைத்தது நான். இது கல்பகத்துக்கு மட்டும் தெரியும். சாருக்குத் தெரியாது, ஏனென்றால் குனிந்து மெஷினுக்குள் பார்க்கிற வழக்கமே அவருக்கு இல்லை.

பழைய தட்டில் கொஞ்சம் கரி படிந்தாலும் சமாளித்துவிடும். பள்ளமும் மேடும் ஒட்டி ஒட்டி எழுதிய தட்டு சமாளிக்காது. அங்கே வெளிச்சம் துளி கலங்கினாலும் எல்லாம் அவியல்தான்.

கமிட்டி வந்த அன்று சார் புது சஃபாரி சூட்டில் வந்தார். கமிட்டித் தலைவர் நரைத்த மீசைக்காரர், கேள்வி கேட்டால் பதில் வருகிறவரை கண்ணை எடுக்காதவர். கூட இரண்டு பேர். எங்கள் நிர்வாக அதிகாரி சுந்தரேசன், நடப்பதையெல்லாம் குறிப்பெடுக்க மூலையில் உட்கார்ந்திருந்தார். மனிதர் தும்மினால்கூட எழுதிக்கொள்வார். பெரிய நாள் என்பதால் கற்பூரமும் பெரிய கட்டி. மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு சார் மூன்று சுற்று சுற்றினார், பிறகு கமிட்டித் தலைவர் நன்றாகப் பார்க்கட்டும் என்று இன்னும் மூன்று சுற்று. கரும்புகை நெளிந்து நெளிந்து உள்ளே இறங்கியது. கல்பகம் என்னைப் பார்த்தாள். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

எல்லாரும் ஹாலுக்குப் போனார்கள். நானும் போனேன். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தொன்னையில் பூந்தி வாங்கிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன். கல்பகம் பதறிப்போய்ப் பக்கத்தில் வந்தாள்.

“பியூலா, என்னடி இங்க ஒக்காந்துண்டிருக்கே? லென்சு?”

“சார்தான் பூஜை பண்ணியாச்சுல்லா. சாமி பாத்துக்கிடும்.”

“அடிப்பாவி! ரெண்டு பேர் ஒழைப்பும் போயிடுமேடி!”

“போகட்டும். அது அவர் பேர்ல வாழ்றதுக்குச் செத்தே போகட்டும்.”

பெற்ற பிள்ளையைச் சொல்வதுபோல்தான் இருந்தது. ஆனால் எழுந்து போகவில்லை. கல்பகம் போய்த் துடைத்திருக்கலாம், அவளும் போகவில்லை. என் பக்கத்திலேயே உட்கார்ந்து ஒரு பூந்தியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். பூந்தி நன்றாகத்தான் இருந்தது.

டெமோ ஆரம்பித்தது. பள்ளத்தில் எழுதிய வரைபடம் கோடும் கீறலுமாக ஒரு வழியாக வந்து நின்றது. “இது பழைய கதை. எனக்கு மேட்டைக் காட்டுங்கள்” என்றார் தலைவர் ஆங்கிலத்தில். சார் பொத்தானை அழுத்தினார். திரையில் ஒரே புள்ளிமயம். மறுபடியும் அழுத்தினார், மறுபடியும் புள்ளி. டிவியில் நிகழ்ச்சி முடிந்த பிறகு இரையுமே, அந்த மாதிரி. ஏ.சி. அறையில் சாருடைய கழுத்தில் வேர்வை இறங்கியது. எனக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது, ஏன் மறைக்க வேண்டும்?

அவர் என் பக்கம் சாய்ந்து, கமிட்டிக்காரர்களுக்குப் புரியாத தமிழில் பல்லைக் கடித்தார். “என்னம்மா பண்ணித் தொலைச்சே?”

“நான் ஒண்ணுமே பண்ணல சார்” என்றேன். அதைவிட உண்மையான வார்த்தை என் வாயிலிருந்து வந்ததே இல்லை.

கமிட்டித் தலைவர் கேட்டார். “டாக்டர் வெங்கடகிருஷ்ணன், பள்ளத்துக்கு ஏன் இந்த ஆழம்? கொஞ்சம் குறைத்தால் என்ன ஆகும்?”

“அது… அதுதான் சார் சரியான அளவு. சோதித்துப் பார்த்த அளவு.”

“ஏன் சரி என்று கேட்கிறேன்.”

சார் திரையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை மாறியதை நான் கவனித்தேன். நிமிர்ந்து நின்று, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, நல்ல ஆங்கிலத்தில் சொன்னார்.

“உங்களிடம் மறைப்பதற்கு ஒன்றுமில்லை. மேட்டில் எழுதுவது முழுக்க முழுக்க மிஸஸ் பியூலாவின் யோசனை. ஆழமும் அவர் போட்ட கணக்குதான். இது சரிவராது என்று ஆரம்பத்திலேயே எச்சரித்தேன், கேட்கவில்லை. இதில் எனக்கு எந்தப் பங்கும் கிடையாது.”

முதலில் எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. எவ்வளவு துணிச்சல்! வெற்றி என்றால் ‘நம்ம மேடு’, தோல்வி என்றால் என் தலை. வாயில் மூன்று பாஷையும் முட்டிக்கொண்டு வந்தன. அப்போது மூலையில் சுந்தரேசனுடைய பேனா விடாமல் ஓடுகிற சத்தம் கேட்டது. வந்ததையெல்லாம் விழுங்கிக்கொண்டேன்.

“சுந்தரேசன் சார், இப்ப டாக்டர் சொன்னத அப்படியே எழுதிட்டீங்களா?”

“வார்த்தை விடாம எழுதிட்டேம்மா.”

“கொஞ்சம் வாசிங்க. கமிட்டியும் கேக்கட்டும்.”

அவர் ஆங்கிலத்தில் வாசித்தார். யோசனை மிஸஸ் பியூலாவுடையது, கணக்கு மிஸஸ் பியூலாவுடையது, டாக்டர் வெங்கடகிருஷ்ணனுக்கு எந்தப் பங்கும் இல்லை. “சரிதானே சார்?” என்று கேட்டேன்.

“ஆமா, அதான் சொன்னேனே!” என்று சார் எரிச்சலோடு கையை வீசினார். தப்பித்துவிட்டோம் என்ற நிம்மதி முகத்தில் தெரிந்தது.

நான் கமிட்டித் தலைவரிடம் ஐந்து நிமிஷம் கேட்டேன். மூடியைத் திறந்தேன். கோட்டுப் பையில் துடைப்புத் தாள் எப்போதும் இருக்கும், அன்றைக்கும் இருந்தது. ஸ்பிரிட்டைத் தொட்டு லென்சைத் துடைத்தேன். தாள் கருகருவென்று வந்தது. இன்னொரு தாள், அதுவும் கறுப்பு. அது வெள்ளையாக வருகிறவரை துடைத்தேன். தட்டின்மேல் காற்றடித்தேன். கல்பகம் சொல்லாமலேயே வந்து மின்சாரப் பக்கத்தைச் சரிபார்த்தாள். மூடியை மூடிப் பொத்தானை அழுத்தினேன்.

திரையில் ஒரு ஆறு வந்தது. கிளை பிரிந்து, ஊர்கள் வந்து, ஊர்ப் பெயர்கள் வந்து, கிணறுகூடத் தெரிந்தது. ஒரு புள்ளி பிசகவில்லை. “இன்னொன்று” என்றார் தலைவர். காட்டினேன். “பள்ளம்” என்றார். காட்டினேன். அதுவும் இப்போது கண்ணாடி மாதிரி வந்தது. ஆழம் ஏன் அவ்வளவு என்று மறுபடியும் கேட்டார், என்னை. நான் சொல்லச் சொல்ல மெதுவாகத் தலையாட்டினார்.

“முதலில் என்ன கோளாறு?”

“கரி சார். லென்சில் கற்பூரக் கரி.” தாளை விரித்துக் காட்டினேன். அவர் தாளைப் பார்த்தார், பிறகு வெங்கடகிருஷ்ணன் சாரைப் பார்த்தார். பூஜையின்போது தானும் கைகூப்பி நின்றது ஞாபகம் வந்திருக்க வேண்டும், கொஞ்சம் நெளிந்தார். பிறகு பேடன்ட் விண்ணப்பத்தைக் கேட்டு வாங்கி, அதில் இருந்த ஒற்றைப் பெயரைப் படித்தார்.

“சார், உண்மையில் இது குரூப்பாகச் செய்த வேலை…” என்று சார் அவசரமாக முன்னால் வந்தார்.

“எந்தப் பங்கும் இல்லை என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? இரண்டு தடவை என் காதில் விழுந்தது” என்றார் தலைவர். பேனாவைத் திறந்து அந்தப் பெயரின்மேல் கோடு கிழித்தார். என் பெயரின் எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். கல்பகம் பெயரையும் சேர்க்கச் சொன்னேன், சேர்த்தார்.

வெங்கடகிருஷ்ணன் சார் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நான் ஜெபத்தில் கேட்டது அதுதான். அத்தோடு விட்டிருக்கலாம் என்று கிதியோன் இன்றைக்கும் சொல்கிறார். எனக்கு விட மனசு வரவில்லை. எல்லாரும் திரைப் பக்கம் திரும்பியிருந்தபோது, கரித் தாளை நாலாக மடித்து அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

“இந்தாங்க சார்” என்றேன் தமிழில், அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி. “இதுல உங்க பங்கு இதுதான். பத்திரமா வச்சுக்கங்க.”

தூசு வரக்கூடாத அறை என்பதால் அதற்குள் குப்பைத்தொட்டி கிடையாது. கமிட்டி கிளம்பிப் போகிறவரை அவர் அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார்.